கோவளக் கரைக்கேற்ற சிறு படகு

உழவு மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் குடியானவன் கொம்பின் அழகையும் தோலின் மினுமினுப்பையும் கண்டு மயங்குவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், சுழியைக் கவனிக்கிறான், நடக்கவிட்டுப் பார்க்கிறான், எல்லாவற்றிற்கும் மேலாகத் தன் நிலம் களியா மணலா, சேற்றுழவா புழுதியுழவா என்பதை மனத்தில் வைத்துக்கொண்டே விலை பேசுகிறான். அவனே ஒரு சிறு படகு வாங்க நேரும்போது இவ்வெச்சரிக்கை யாவும் எங்கோ போய்விடுகிறது. வர்ணத்தையும் விலையையும் வேகத்தையும் விசாரிக்கிறானேயன்றி, அது எந்த நீரில் ஓடவேண்டும், எந்தக் கரையில் ஏறவேண்டும், உள்ளே நீர் புகுந்தால் என்னவாகும் என்பவற்றை விசாரிப்பதில்லை. மாடு சரியில்லையேல் அடுத்த சந்தையில் விற்றுவிடலாம். படகு சரியில்லையேல் உயிர் போகும்.

கோவளம் முதல் தாம்பரம் வரையுள்ள பிரதேசத்தில் இக்காலத்தில் சிறு படகு வாங்குவோர் மீனவர் மட்டுமல்லர். கழியோரத்தில் இறால் குட்டையோ மீன் குளமோ வைத்திருக்கும் நிலச்சுவான்தார்கள், ஏரியின் மீன்பாசியைக் குத்தகைக்கு எடுப்போர், பொழுதுபோக்காகத் துடுப்புப் போடவும் தூண்டிலிடவும் விரும்பும் இளைஞர்கள், வெள்ள காலத்திற்கென ஒன்றை வாங்கி வைக்க நினைக்கும் கிராமத்தார் எனப் பலரும் படகை நாடுகின்றனர். இவர்களுள் பெரும்பாலோருக்குக் கடற்பழக்கம் கிடையாது. ஆகையால் விற்பவர் சொல்லே வேதவாக்காகிவிடுகிறது. இந்நிலையில், இக்கரையின் மீனவர் பல தலைமுறைகளாகக் கைக்கொண்டு வந்த ஒரு நியாயத்தைப் படகு வாங்குவோர் யாவரும் தங்கள் அளவுகோலாகக் கொள்வதே உசிதம். அந்நியாயம் மிகச் சுருக்கமானது. கலத்தினுள் புகும் நீர் எவ்வழியே வெளியேறும், வெளியேறாவிடில் கலம் மிதக்குமா என்பதை முதலில் கேட்கவேண்டும். விலையையும் வேகத்தையும் பிறகு கேட்கலாம்.

மூவகை நீர்

சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரத்திலுள்ள கோவளத்தைச் சுற்றி மூவகை நீர் அருகருகே இருக்கின்றன. கிழக்கே திறந்த வங்காள விரிகுடா. வடக்கிலும் மேற்கிலும் முட்டுக்காட்டுக் கழியும் அதனோடு கூடிய பக்கிங்காம் கால்வாயும். அதற்கப்பால் உள்நாட்டில் தையூர் முதலிய ஏரிகள்.

கடலில் அலை கரைக்கு அருகிலேயே மடிந்து உடைகிறது. வாடைக்காற்று வீசும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அதன் வேகம் அதிகம். வடக்கிலிருந்து தெற்கே ஓடும் நீரோட்டத்தை வன்னி என்றும், தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்றும் மீனவர் வழங்குவர். துடுப்பை மட்டும் நம்பிச் செல்பவன் இவ்வோட்டங்களை அறியாமற்போனால், புறப்பட்ட இடத்திற்கே திரும்புவது கடினம்.

கழியின் இயல்பு வேறு. அதில் ஆழம் குறைவு. பல இடங்களில் மனிதன் இறங்கி நடக்கலாம். மடவை, கொடுவா, இறால், நண்டு ஆகியவை அங்கே கிடைக்கின்றன. கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்கிறது; மழைக்காலத்தில் அது உடைந்து, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்திலிருந்து ஒக்கியம் மடுவு வழியாகக் கால்வாயில் சேர்ந்து வரும் வெள்ளமும் அவ்வழியே கடலுக்கு விரைகிறது. அச்சமயம், கோடையில் குளம்போலக் கிடந்த அதே கழி, படகை முகத்துவாரத்திற்கு இழுத்துச் செல்லும் வலிமை பெறுகிறது.

ஏரி நீரோ அசையாதது. ஆயினும் அடியில் கருவேல மரத்தின் அடிக்கட்டைகளும் முட்களும் பாசிக்கொடிகளும் மறைந்திருக்கும். இம்மூன்றுக்கும் ஒரே படகு பொருந்துமென்று எவரேனும் கூறினால், அவர் விற்பனைக்காகக் கூறுகிறார் என்று கொள்ளலாம்.

கரையே படகை நிர்ணயிக்கும்

எந்தக் கலமும் நீரில் இருக்கும் நேரத்தைவிடக் கரையில் இருக்கும் நேரமே அதிகம். ஆதலின் எந்தக் கரையில், எத்தனை பேரால் அதை இழுத்தேற்றுவது என்பது சிறு விஷயமன்று.

சென்னையில் துறைமுகம் ஏற்படுமுன், கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களும் சாமான்களும் மசூலாப் படகுகளிலேயே கரை சேர்ந்தன. அப்படகின் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் கயிற்றால் தைக்கப்பட்டிருந்தன. உடையும் அலை தூக்கி மணலில் மோதும்போது, விறைப்பாகக் கட்டிய ஐரோப்பியப் படகுகள் பிளந்துபோகும். தைத்த படகோ வளைந்து கொடுத்துத் தப்பும். கடல் கடந்து வந்த வர்த்தகர்கள் தங்கள் நாட்டுப் படகை விட்டு இந்நாட்டுப் படகை நம்பியதற்குக் கரையின் கட்டாயமே காரணம்.

சமீப காலத்திலும் இப்பாடம் மற்றொரு விதமாகக் கற்பிக்கப்பட்டது. 1952-ல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் மீன்பிடித் தொழிலை அபிவிருத்தி செய்யும் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. அங்கே இயந்திரப் படகுகள் அளவில் பெருகப் பெருக, அவற்றைத் திறந்த மணற்கரையில் இழுத்தேற்றுவது இயலாமற்போய், துறைமுகத்தை நாடவேண்டியதாயிற்று. பின்னர், ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 1979 முதல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு நடத்திய வங்காள விரிகுடாத் திட்டத்தில், துறைமுகமில்லாத மணற்கரையிலேயே ஏறி இறங்கத்தக்க படகு ஒன்றை உருவாக்குவது முக்கிய வேலைகளுள் ஒன்றாக வைக்கப்பட்டது. நிபுணர்களுக்கே இது பெரும் பிரச்சினையாக இருந்ததெனில், படத்தைப் பார்த்துப் படகு வாங்குவோர் எவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கவேண்டும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

கட்டுமரத்தின் நியாயம்

கட்டுமரம் என்பது பெயருக்கேற்றபடி சில மரங்களைச் சேர்த்துக் கட்டியதேயாகும். அதற்கு உட்குழிவு இல்லை; ஆகையால் நீர் தங்குவதற்கு இடமும் இல்லை. அலை மேலே ஏறினால் மரங்களின் இடுக்குகள் வழியே உடனே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் அமிழாது, புரட்டி மீண்டும் ஏறிக்கொள்ளலாம். கரை வந்தபின் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே தூக்கிச் சென்று மணலில் உலர்த்தலாம். சென்னை மீன் இலாகாவின் டைரக்டராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகுகளின் அமைப்புகளை ஆராய்ந்து 1920-ல் ஒரு நூல் வெளியிட்டார். இந்நாட்டுக் கலங்கள் அறிவியல் ஆராய்ச்சிக்குரிய பொருள்கள் என்பது அன்றே உணரப்பட்டது. கவனிப்பாரற்றுப் போனது பிற்காலத்திலேயாம்.

கட்டுமரத்தைப் போற்றுவதனால் அதன் குறைகளை மறைக்கலாகாது. அதில் செல்வோர் எப்பொழுதும் நனைந்தேயிருக்க வேண்டும். பிடித்த மீனை வெயிலிலிருந்து காப்பது கடினம். மரம் நாளடைவில் நீரை உறிஞ்சிப் பளுவேறும். அதற்கேற்ற இலேசான பெருமரங்கள் இப்போது எளிதில் கிடைப்பதில்லை; கிடைத்தாலும் கிரயம் அதிகம். ஆகவே எல்லாரும் கட்டுமரத்திற்கே திரும்பவேண்டும் என்று சொல்வது நடவாத காரியம். திரும்பவேண்டியது அதன் நியாயத்திற்கே: கலம் நீரால் நிறையக் கூடாது, நிறைந்தாலும் அமிழக் கூடாது.

இங்கே பெயர் மயக்கம் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். கட்டுமரம் என்ற தமிழ்ச் சொல்லே ஆங்கிலத்திற்குச் சென்று ‘கட்டமரான்’ ஆயிற்று. ஆனால் இக்காலத்து விலைப்பட்டிகளில் அப்பெயரால் குறிக்கப்படுவது, இரண்டு உட்குழிவான உடல்களை இணைத்துச் செய்த படகாகும். பெயரை நம்பி, அது கட்டுமரத்தைப்போல் அமிழாதென்று எண்ணுதல் தவறு.

பைபர் படகின் குணமும் குறையும்

2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி நேர்ந்த ஆழிப்பேரலையில் தமிழ்நாட்டுக் கரையெங்கும் எண்ணற்ற கட்டுமரங்களும் படகுகளும் அழிந்தன. அதன்பின் உதவி செய்ய வந்த ஸ்தாபனங்கள் பல, கண்ணாடி நாரும் பிசினும் கொண்டு செய்யும் பைபர் படகுகளையே பெரும்பாலும் வழங்கின. அவற்றின் தேவையைக் கண்டு புதிய பட்டறைகள் பல திடீரென முளைத்தன. அவசரத்தில் செய்த படகுகளில் தரக்குறைவானவையும் கலந்திருந்தன என்பதும், சில இடங்களில் தேவைக்கு மேற்பட்ட படகுகள் கொடுக்கப்பட்டன என்பதும் பின்னர் வெளியாயின. உதவி செய்தோரின் நல்லெண்ணத்தில் குறையில்லை. யார், எந்தக் கரையில், எந்த வலையோடு செல்வார் என்று கேட்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்த்ததே குறை.

பைபர் படகு வேகமாகச் செல்லும், இயந்திரத்தைத் தாங்கும், மீனையும் பனிக்கட்டியையும் வைக்க இடமளிக்கும், புழு அரிக்காது. இவை மெய்யான குணங்கள். எனினும் அது உட்குழிவான கலம். 5 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள படகில் 30 சென்டிமீட்டர் உயரத்திற்கு நீர் புகுந்தால், அது ஏறத்தாழ 1,000 லிட்டர், அதாவது ஒரு டன் ஆகும். 10 லிட்டர் வாளியால் அதை இறைக்க 100 முறை மொள்ள வேண்டும். உடையும் அலைகளினிடையே அவ்வளவு அவகாசம் எவருக்கும் கிடைப்பதில்லை.

நிறைந்த படகு மிதக்குமா என்பதைக் கணக்கிட்டும் அறியலாம். உடல் மட்டும் 160 கிலோ எடையுள்ள ஒரு பைபர் படகை எடுத்துக்கொள்ளலாம். அப்பொருள் தண்ணீரைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு கனமானது. ஆகையால் முழுதும் மூழ்கும்போது அது விலக்கும் நீர் 100 லிட்டரே. அதனால் கிடைக்கும் தாங்கும் சக்தியும் 100 கிலோவே. மீதி 60 கிலோவும் கீழ்நோக்கி இழுக்கும். அதில் 40 கிலோ இயந்திரம் இருந்தால் இழுப்பு ஏறத்தாழ 100 கிலோவாகிறது. நங்கூரமும் சாமான்களும் தனி. நீரில் கிடந்து பற்றிக்கொள்ளும் ஆட்களுக்கு, ஆள் ஒன்றுக்குப் பத்துப் பதினைந்து கிலோ சேர்க்க வேண்டும். ஆகவே இத்தகைய படகில், அடைத்த மிதவைப் பொருள் 200 லிட்டர் அளவாவது இருத்தல் உசிதம். அது படகின் அணியத்திலும் அமரத்திலும் இருபக்கங்களிலும் பகிர்ந்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் வைத்தால், நிறைந்த படகு ஒரு முனையில் செங்குத்தாக நிற்கும். வெறும் காற்றறையை நம்புதலும் சரியன்று. ஒரு வெடிப்பு அதை நிரப்பிவிடும். கட்டுமரத்தின் வடிவிலேயே பைபரால் செய்து, உள்ளே மிதவைப் பொருள் நிரப்பிய கலங்கள் இக்கரைக்கு அதிகப் பொருத்தமானவை.

கயாக் என்னும் துடுப்புப் படகு

ஓரிருவர் அமர்ந்து இருபுறமும் தகடுள்ள துடுப்பால் செலுத்தும் கயாக், வடதுருவப் பிரதேசத்து மக்கள் சட்டத்தின்மேல் தோலைப் போர்த்திச் செய்த கலத்திலிருந்து வந்தது. குளிர் நீர் உடலில் படாதிருக்க அவர்கள் இடுப்புவரை கலத்தினுள் நுழைந்து உட்கார்ந்தனர். கோவளத்தில் அத்தேவை இல்லை. கவிழ்ந்தால் அதனுள்ளிருந்து வெளிவரப் பயிற்சி வேண்டும். வெளிவந்தபின் நீரை இறைக்கவும் வேண்டும். ஆதலின் மூடிய கயாக் இக்கரைக்குப் புதியவர்க்கு ஏற்றதன்று.

மேல்தளத்தில் அமரும் மற்றொரு வகை 1970-களில் கலிபோர்னியாக் கடற்கரையில் பரவத் தொடங்கியது. அதன் இருக்கை நீர்மட்டத்திற்கு மேலே இருக்கும்; தளத்தில் விழும் நீர் துவாரங்கள் வழியே தானே வடிந்துவிடும்; கவிழ்ந்தால் புரட்டி ஏறிக்கொள்ளலாம். கட்டுமரத்தில் கண்ட நியாயமே வேறொரு கரையில், வேறொரு பொருளில் மீண்டும் தோன்றியிருப்பதைக் கோவளத்து மீனவர் எவரும் உடனே கண்டுகொள்வர். துடுப்புப் போட்டுத் தூண்டிலிட விரும்புவோர் இவ்வகையையே வாங்குதல் நலம்.

இதிலும் சில எச்சரிக்கைகள் உண்டு. கட்டுமரத்தைப்போல் இது திண்ணிய கட்டையன்று. தளத்திற்கடியில் வெற்றிடம் இருக்கிறது. மூடி தளர்ந்தோ உடல் கீறியோ இருந்தால், நீர் உள்ளே சேர்ந்து, வெளியே தெரியாமலே கலத்தை நிலையற்றதாக்கும். ஒவ்வொரு முறையும் கரையேறியதும் அடியிலுள்ள அடைப்பைத் திறந்து வடித்துப் பார்க்க வேண்டும். உள்ளே மிதவைப் பொருள் இருப்பதையே தெரிந்தெடுக்க வேண்டும். 3 முதல் 3.5 மீட்டர் நீளமும், 75 முதல் 85 சென்டிமீட்டர் அகலமும் உள்ளது தூண்டிலிடுவோர்க்குப் போதுமானது. நீண்டு குறுகியது விரைவாக ஓடும்; அகன்றது ஆடாமல் நிற்கும். மீன் பிடிப்போர்க்கு வேகத்தைவிட நிலைப்பே தேவை. விற்பவர் குறிப்பிடும் சுமையளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஏற்றாதிருத்தல் நலம்; மீறினால், வடிய வேண்டிய துவாரங்களின் வழியாகவே நீர் மேலே ஏறும். இதில் நின்றுகொண்டு வீச்சுவலை எறிவது அபாயம். நீரோட்டத்தில் நங்கூரக் கயிற்றைப் பக்கத்தில் கட்டாமல் முனையில் கட்ட வேண்டும்.

கழிக்கும் ஏரிக்கும் ஏற்றவை

கழியோர நிலச்சுவான்தார்களுக்கு வேண்டியது அலையைக் கடக்கும் கலமன்று. ஆழமில்லாத நீரில் தீவன மூட்டையையும் வலையையும் சுமந்து செல்லும் தட்டையடிப் படகேயாகும். முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிலையத்தின் பரிசோதனைப் பண்ணை இருக்கிறது. 1987-ல் ஏற்பட்ட அந்நிலையம் 1997-ல் கொடுவா மீனைச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்கச் செய்தது. உவர்நீர் மீன் வளர்ப்பில் இறங்குவோர் பெருகுமளவுக்கு இத்தகைய படகின் தேவையும் பெருகும்.

3.6 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள தட்டையடிப் படகு, முனைகள் குறுகுவதைக் கழித்துப் பார்த்தால், சென்டிமீட்டர் ஒன்று அமிழ ஏறத்தாழ 32 கிலோ சுமையைத் தாங்கும். 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு அது ஒன்றரைச் சென்டிமீட்டரே இறங்கும். இரண்டு ஆட்களும் நான்கு மூட்டைகளும் ஏறினாலும் பத்துச் சென்டிமீட்டர் ஆழமே கூடுதலாக வேண்டும். கழியில் துடுப்பைவிட ஓடக்கோலே அதிகம் பயன்படும். மரத்தால் செய்த படகாயின் உவர்நீரில் மரம் துளைக்கும் புழு பற்றும். ஆதலால் அடிக்கடி கரையேற்றி உலர்த்தி, முந்திரிக்கொட்டை எண்ணெய் போன்றவற்றைப் பூசிவர வேண்டும். குட்டைகளில் சிலர் உபயோகிக்கும் தெர்மோகோல் மிதவை மலிவானதெனினும், நாளடைவில் உதிர்ந்து நீரில் கலப்பதால் அது விரும்பத்தக்கதன்று.

ஏரிகளுக்குப் பரிசல் மோசமானதன்று. ஒகேனக்கல்லிலும் மேட்டூர் நீர்த்தேக்கத்திலும் அது நெடுநாள் உழைத்து வந்திருக்கிறது. மூங்கிலால் முடைந்த அதன் அடிக்கு முற்காலத்தில் தோலைப் போர்த்தினர். பிற்காலத்தில் பிளாஸ்டிக் தாளும் தாரும் வந்தன. அது ஒருவர் தலையில் தூக்கிச் செல்லக்கூடிய இலேசான கலம். சிறிது நீரிலும் மிதக்கும். ஆனால் காற்றடித்தால் சுழலும். முள்ளில் மாட்டினால் கிழியும். கடலுக்கும் மழைக்காலக் கழிக்கும் அது உதவாது.

வெள்ள காலத்திற்கு

2015-ம் வருஷம் டிசம்பர் மாத முதல் நாட்களில் பெய்த பெருமழையில் அடையாறு பெருகி, மேற்குத் தாம்பரம், முடிச்சூர், வரதராஜபுரம் ஆகிய இடங்களில் வீடுகளைச் சூழ்ந்தது. அச்சமயம் கடலோர மீனவர்கள் தங்கள் படகுகளைத் தெருக்களில் செலுத்தி ஜனங்களைக் கரை சேர்த்தனர். அவ்வுதவியை ஒருவரும் மறக்கலாகாது. ஆயினும் தூரத்துக் கரையிலிருந்து படகு வந்து சேரும்வரை கூரைமேல் காத்திருக்க நேர்ந்ததென்பதும் மறக்கத்தக்கதன்று. தாழ்ந்த நிலங்களையுடைய ஒவ்வொரு கிராமமும் தன் பொதுக் கட்டடத்தில் ஒரு படகேனும் வைத்திருக்க வேண்டும் என்பதில் அபிப்பிராய பேதத்திற்கு இடமில்லை.

அப்படகு எத்தகையதாயிருக்க வேண்டும் என்பதிலேயே தவறு நேர்கிறது. தெருவெள்ளத்தில் மதிற்சுவர், சாக்கடை, வேலிக்கம்பி, மூழ்கிய வண்டி முதலியன கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். இயந்திரத்தின் சுழல் விசிறி அவற்றில் சிக்கி நின்றுவிடும். கூர்மையான அடியுள்ள கடற்படகு தரைதட்டிச் சாயும். கயாக்கில் முதியோரையும் நோயாளிகளையும் ஏற்ற இயலாது. ஆகவே மிதவைப் பொருள் நிரப்பிய தட்டையடிப் படகும், இரண்டு துடுப்புகளும், ஓர் ஓடக்கோலும், நீண்ட கயிறும், ஏறுவோர் எண்ணிக்கைக்குக் குறையாத உயிர்காப்புச் சட்டைகளும் போதுமானவை. நான்கு பேர் தூக்கி வண்டியில் ஏற்றக்கூடிய பளுவுக்கு மேற்படலாகாது. கோடையில் இதே படகை ஏரியில் மீன் பிடிக்க உபயோகித்தால், படகும் பழுதறியாது. செலுத்துவோர் கையும் பழகியிருக்கும். பூட்டி வைத்த படகு வெள்ளத்தன்றுதான் ஓட்டையைக் காட்டும்.

வாங்குமுன் சோதனை

படகைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பது எப்படி என்று கேட்பவர்க்கு விடை எளிது. மார்பளவு ஆழமுள்ள அமைதியான நீரில் படகை இறக்கி, விளிம்புவரை நீரால் நிரப்ப வேண்டும். இயந்திரம் வைக்கப்படுமாயின் அதன் எடைக்குச் சமமாக மணல் மூட்டையை அவ்விடத்தில் வைக்க வேண்டும். பின்பு இருவர் பக்கங்களைப் பற்றித் தொங்க வேண்டும். அப்போதும் படகு கிடைமட்டமாக மிதந்தால் நல்லது. ஒரு முனை தாழ்ந்து போனாலோ, அடியோடு அமிழ்ந்தாலோ, விலை எவ்வளவு குறைந்ததாயினும் அதை விட்டுவிட வேண்டும். இச்சோதனைக்கு விற்பவர் உடன்படாவிடில் அதுவே போதிய விடையாகும்.

இரண்டாவதாக, படகை வாங்குபவர் தம்மிடம் வழக்கமாக உள்ள ஆட்களைக் கொண்டே மணலில் இழுத்தேற்றிப் பார்க்க வேண்டும். ஆறு பேர் வேண்டிய படகை இரண்டு பேர் உள்ள வீட்டில் வாங்கினால், அது அலையடிக்கும் இடத்திலேயே கிடந்து உடையும்.

மூன்றாவதாக, பைபர் படகாயின் உடலெங்கும் விரல் முட்டியால் தட்டிக் கேட்க வேண்டும். படலங்கள் நன்கு ஒட்டிய இடத்தில் கணீரென்றும், பிரிந்த இடத்தில் மந்தமாகவும் ஒலிக்கும். வர்ணம் பூசுமுன் வெயிலை நோக்கிப் பார்த்தால் கனக்குறைவான இடங்கள் வெளிச்சமாகத் தெரியும். பூசியபின் தெரியாது, ஆகையால் முடிந்தவரை வர்ணம் பூசுமுன்னரே பட்டறைக்குச் சென்று காணுதல் சிலாக்கியம். கயாக் முதலிய பிளாஸ்டிக் கலங்கள் வெயிலில் கிடந்தால் நலிந்து வெடிக்கும். பழையதாக வாங்குவோர் நிறம் வெளுத்ததைத் தவிர்ப்பதுடன், வாங்கியதை நிழலில் வைக்கவும் வேண்டும்.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கது

கடலில் மீன் பிடிக்கும் கலங்கள் 1983-ம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டத்திற்கு உட்பட்டவை. வாங்கியபின் அலைவதைவிட, வாங்குமுன் மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளும்படி அதிகாரிகள் அறிவுறுத்துதல் வேண்டும். கோவளக் கடற்கரை 2021-ல் நீலக்கொடிச் சான்று பெற்றது. அலைச்சறுக்கு விளையாட்டும் அங்கே பெருகியுள்ளது. குளிப்போரும் சறுக்குவோரும் உள்ள இடத்தில் புதியவர்கள் படகு பழகாமலிருக்கக் கழியில் தனியிடம் குறித்துக் கொடுப்பதும் நன்மை தரும்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது, பொதுப் பணத்தில் படகு வாங்கும்போது ஊர் மீனவர்களின் ஆலோசனையைக் கேட்பதாகும். விலைப்பட்டிகளை ஒப்பிட்டு மிகக் குறைந்ததை ஏற்றுக்கொள்வது காகிதத்திற்கு ஒழுங்காயிருக்கும்; படகுக்கு அது போதாது. அனுபவமுள்ள இரண்டு மீனவரை நிரப்பிப் பார்க்கும் சோதனைக்கு அழைத்து, அவர்கள் கருத்தை எழுத்து மூலமாகப் பெற்று, அதன் பின்னரே பணம் செலுத்தும் வழக்கத்தைக் கிராமங்கள் கைக்கொள்ளலாம். நிலத்தைப் பற்றி உழவனைக் கேட்பது எவ்வளவு நியாயமோ, நீரைப் பற்றி மீனவனைக் கேட்பதும் அவ்வளவு நியாயமே. கடலோரக் கிராமங்களில் நிலமுடையோர்க்கும் கரையிலுள்ளோர்க்கும் இடையே சில சமயங்களில் காணப்படும் பாராமுகம் இவ்விஷயத்திலாவது நீங்குதல் இரு திறத்தார்க்கும் நலம்.

மிதவைப் பொருளுக்கும் நல்ல பிசினுக்கும் உயிர்காப்புச் சட்டைக்கும் ஆகும் அதிகச் செலவு, படகின் மொத்தக் கிரயத்தில் ஒரு சிறு பகுதியே. அதை மிச்சம் பிடித்து வாங்கிய படகு, அமைதியான நாட்களில் மற்றப் படகுகளைப் போலவே ஓடும். வித்தியாசம் ஒன்றும் தெரியாது. அலை உள்ளே ஏறும் நாளில்தான் தெரியும். வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே, படகு வைத்திருப்போர் ஒவ்வொருவரும் அதை ஒருமுறை கழியில் இறக்கி நீரால் நிரப்பிப் பார்த்துக் குறை இருப்பின் மராமத்துச் செய்துகொள்வாராயின், அரை நாள் வேலையில் ஒரு குடும்பத்தின் ஆயுளைக் காத்தவராவர்.